முன்பே கேட்பதே நல்லது: அமெரிக்காவில் சைல்டு சப்போர்ட்

ஒரு சனிக்கிழமை மதியம். தங்கை போலப் பழகும் ஒரு பெண்ணின் வீட்டில், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தோம். லேப்டாப்பில் சைல்டு சப்போர்ட் விண்ணப்பம் திறந்திருந்தது. பிரிந்து வாழும் பெற்றோர் பிள்ளையின் செலவுக்காகத் தர வேண்டிய பணத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். எல்லாக் கட்டங்களையும் நிரப்பியாகிவிட்டது. கடைசிப் பொத்தானை அழுத்தத்தான் அவளுக்குக் கை வரவில்லை.

"இதை அனுப்பினா அவர் மேல கேஸ் போட்ட மாதிரி ஆயிடாதாக்கா? ஊர்ல அம்மாவுக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாங்க?"

கணவர் வீட்டைவிட்டுப் போய் அப்போது எட்டு மாதம். ஆறு வயது மகன் அவளிடம் இருக்கிறான். வாடகை, மளிகை, பள்ளி விட்டபின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கான கட்டணம் எல்லாம் அவள் ஒருத்தி சம்பளத்தில். "தர்றேன்னு சொல்லியிருக்கார்" என்ற ஒரே வார்த்தையை நம்பி எட்டு மாதத்தை ஓட்டியிருந்தாள். பின்னால் அவளுக்குத் தீர்ப்பான தொகை மாதம் 900 டாலர். ஆனால் அவள் வழக்கில் அது கோர்ட்டில் மனு பதிவான நாளிலிருந்துதான் கணக்கானது. அதற்கு முந்தைய எட்டு மாதத்தைப் பெருக்கிப் பாருங்கள், 7,200 டாலர். அது வரவே இல்லை. அவளுக்கு நஷ்டம் என்று சொல்வதைவிட அந்தப் பையனுக்கு நஷ்டம் என்று சொல்வதுதான் சரி.

நான் வக்கீல் இல்லை. இந்தப் படிவங்களை நிரப்புகிறவர்கள் பக்கத்தில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் தமிழ் அம்மா அப்பாக்கள் இதைத் தொடங்கத் தயங்குவதற்கான காரணங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றை மனதில் வைத்து, முதல்முறை கேள்விப்படுகிறவருக்குப் புரியும்படி எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்

தமிழில் இதற்கு உடனே வாயில் வருவது "ஜீவனாம்சம்". அங்கேயே பாதிக் குழப்பம் ஆரம்பமாகிறது. ஜீவனாம்சம் என்றதும் நம் மனதில் வருவது மனைவி. பிரிந்த பெண் கணவனிடம் கேட்கிற காசு, ரோஷம் உள்ளவள் கேட்கமாட்டாள் என்றெல்லாம் ஊரில் கேட்டு வளர்ந்த பேச்சு அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்கச் சட்டத்தில் மனைவிக்கோ கணவனுக்கோ தரும் தொகை வேறு, அதன் பெயர் ஸ்பௌசல் சப்போர்ட் அல்லது அலிமனி. சைல்டு சப்போர்ட் முழுக்கக் குழந்தைக்கு உரியது. அம்மா, அப்பா இருவரின் வருமானத்திலும் பிள்ளைக்குப் பங்கு உண்டு, யாரோடு அது வசிக்கிறது என்பதால் அந்தப் பங்கு அழியாது என்பதுதான் இதன் அடிப்படை. பிள்ளை யாரோடு பெரும்பகுதி நேரம் இருக்கிறதோ அவர் கைக்குப் பணம் வருகிறது, அவ்வளவுதான். அப்பாவிடம் பிள்ளை இருந்தால் அம்மா கட்டுவார். கல்யாணமே ஆகாதவர்களின் பிள்ளைக்கும் இதே உரிமைதான். டைவர்ஸ் ஆகும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. தனித்தனியாக வாழ்ந்தாலே போதும், கேட்கலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பணத்துக்கு வாங்குகிறவர் வருமான வரி கட்ட வேண்டாம், கொடுக்கிறவர் அதை வரியில் கழிக்கவும் முடியாது.

யாரிடம் போவது

1975-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் நான்கு-டி என்ற பகுதியைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு மாநிலமும் இந்தப் பணத்தைப் பெற்றுத்தர ஒரு அமைப்பை நடத்த வேண்டும், செலவில் பெரும்பங்கை மத்திய அரசு தரும் என்பது ஏற்பாடு. அதனால்தான் அலுவலகக் கடிதங்களில், நான்கை ரோமன் எண்ணில் எழுதி, "ஐவி-டி கேஸ்" என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து, ஏதோ கிரிமினல் பிரிவோ என்று பயந்தவர்களை எனக்குத் தெரியும். அது வெறும் அத்தியாய எண்.

மாநிலத்துக்கு மாநிலம் அலுவலகம் வேறு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் இதற்கென்றே தனித் துறை, கவுன்ட்டிதோறும் அலுவலகம். டெக்சாஸில் இதை நடத்துவது அட்டர்னி ஜெனரல் அலுவலகம். ஃப்ளோரிடாவிலும் மாசசூசெட்ஸிலும் வரி வசூலிக்கும் ரெவின்யூ துறை. தேடும்போது உங்கள் மாநிலப் பெயரோடு சைல்டு சப்போர்ட் என்று போட்டு, அரசுத் தளம்தானா என்று முகவரியைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். பணம் கட்டினால் வசூலித்துத் தருகிறோம் என்று தனியார் கம்பெனிகளும் வரும். வசூலாவதில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்வார்கள். அரசு அலுவலகம் இருக்கும்போது அங்கே போகத் தேவையே இல்லை.

அரசு அலுவலகத்தில் செலவு மிகக் குறைவு. விண்ணப்பக் கட்டணம் எந்த மாநிலத்திலும் 25 டாலரைத் தாண்டக் கூடாது. பல மாநிலங்களில் ஒன்றுமே இல்லை. நலத்திட்டப் பண உதவி வாங்கியிராத குடும்பமாக இருந்தால், ஒரு வருடத்தில் 550 டாலர் வசூலான பிறகு 35 டாலர் ஆண்டுக் கட்டணம் உண்டு. சில மாநிலங்கள் அதையும் தாமே கட்டிவிடுகின்றன.

யார் விண்ணப்பிக்கலாம்? அம்மா, அப்பா, பிள்ளையை வளர்க்கும் தாத்தா பாட்டி, யாரானாலும் சரி. பணம் கட்ட வேண்டியவரே விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. கட்டுவது கணக்கில் ஏற வேண்டும், நாளைக்குத் தகராறு வரக் கூடாது என்று நினைக்கும் அப்பாவுக்கு அது நல்ல வழி.

நம்மவர்களிடமிருந்து அதிகம் வரும் கேள்வி விசா பற்றியது. "நான் எச்-4-ல இருக்கேன், எனக்குத் தருவாங்களா?" (எச்-4 என்பது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் விசா.) இந்தச் சேவைக்குக் குடியுரிமையோ கிரீன் கார்டோ நிபந்தனை இல்லை. சமூகப் பாதுகாப்பு எண் இல்லையென்றால் அந்தக் கட்டத்தில் இல்லை என்றே போடுங்கள். ஏதோ ஒரு எண்ணை எழுதிவிடாதீர்கள்.

சரி, அந்த அலுவலகம் என்ன செய்யாது என்பதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். டைவர்ஸ் வாங்கித் தராது. பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்ற கஸ்டடி வழக்கைப் பொதுவாக அது நடத்தாது. முக்கியமாக, அங்கே இருக்கும் வக்கீல் உங்கள் வக்கீல் இல்லை, மற்ற பெற்றோரின் பக்கத்து ஆளும் இல்லை. அரசின் சார்பில் பேசுகிறவர். வக்கீலிடம் ரகசியம் சொல்வதுபோல மனதில் உள்ளதையெல்லாம் அங்கே கொட்ட வேண்டாம்.

படிவத்தில் நம் பெயர் படும் பாடு

படிவத்தை நிரப்புவது கஷ்டமான வேலை இல்லை. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, ஏற்கெனவே கோர்ட் ஆர்டர் இருந்தால் அதன் நகல், பே ஸ்டப் என்கிற உங்கள் சம்பளச் சீட்டு, வரித் தாக்கல், டேகேர் ரசீது, மருத்துவக் காப்பீட்டு விவரம். மற்ற பெற்றோரைப் பற்றித் தெரிந்ததெல்லாம்: பிறந்த தேதி, கடைசியாகத் தெரிந்த முகவரி, வேலை செய்யும் கம்பெனி. சமூகப் பாதுகாப்பு எண் பழைய கூட்டு வரித் தாக்கலில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். இதில் பாதிதான் கையில் இருக்கிறது என்றாலும் இருப்பதை வைத்து அனுப்பிவிடுங்கள். மீதியைத் தேடுவதும் அவர்கள் வேலையில் ஒரு பகுதி.

நமக்கென்றே இருக்கும் சிக்கல் ஒன்று உண்டு. பெயர். நம் ஊர்ப் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து இனிஷியலாக முன்னால் நிற்கும். பாஸ்போர்ட்டில் அந்த இனிஷியல் விரிந்து முழுப்பெயராகி, சிலருக்கு அது சர்நேம் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும், சிலருக்குச் சர்நேம் கட்டமே காலி. கட்டம் காலியாக இருந்தவருக்கு விசாவில் முதல் பெயர் இடத்தில், 'முதல் பெயர் தெரியவில்லை' என்று பொருள்படும் எஃப்என்யு என்ற மூன்றெழுத்து வந்து, அது ஓட்டுநர் உரிமம்வரை தொடர்ந்திருக்கும். அப்புறம் பிள்ளைக்கு வந்தால், அதன் கடைசிப் பெயர் அப்பாவின் சொந்தப் பெயர். ஆக ஒரே குடும்பத்தில் அம்மா, அப்பா, பிள்ளை மூவருக்கும் மூன்று கடைசிப் பெயர்.

நமக்கு இது சாதாரணம். கம்ப்யூட்டருக்கு இது மூன்று அந்நியர்கள். அலுவலகம் மற்றவரைத் தேடுவது அரசின் வேலைப் பதிவேடுகளில் பெயரையும் எண்ணையும் ஒப்பிட்டுத்தான். அதனால் அவரை நீங்கள் வீட்டில் கூப்பிடும் பெயரையோ கல்யாணப் பத்திரிகையில் போட்ட பெயரையோ எழுதாதீர்கள். அவருடைய சம்பளச் சீட்டிலும் வரிப் படிவத்திலும் எந்த எழுத்தில், எந்த வரிசையில் இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். வேறு வடிவங்கள் இருந்தால், 'வேறு பெயர்கள்' என்று கேட்கும் கட்டம் அதற்குத்தான், அங்கே எல்லாவற்றையும் போட்டுவிடுங்கள். பிறப்புச் சான்றிதழோ திருமணப் பதிவோ தமிழில் இருந்தால் சான்றிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு கேட்பார்கள், முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

வீட்டில் அடி உதை இருந்திருந்தால், மிரட்டல் இருந்தால், அதை விண்ணப்பத்திலேயே முதல் வேலையாகச் சொல்லுங்கள். படிவத்தில் அதற்கென்று கேள்வி இருக்கும். உங்கள் முகவரி மற்றவருக்குப் போகாதபடி கோப்பில் பாதுகாப்புக் குறியீடு போட முடியும். நலத்திட்டப் பண உதவி வாங்குகிறவர்கள் சைல்டு சப்போர்ட் அலுவலகத்தோடு ஒத்துழைத்தே ஆக வேண்டும் என்பது விதி. ஆனால் அதனால் உங்களுக்கோ பிள்ளைக்கோ ஆபத்து வரும் என்றால் விலக்கு கேட்கவும் அதே விதியில் இடம் இருக்கிறது. வெட்கப்பட்டு மறைத்துவிட்டால், கோர்ட்டுத் தாள்களில் உங்கள் புது முகவரி அவர் கைக்குப் போய்ச் சேர வாய்ப்பு உண்டு.

ஆங்கிலம் தடையாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பல அலுவலகங்கள் தொலைபேசி வழியாக ஏற்பாடு செய்கின்றன. பத்து வயது மகளை உட்காரவைத்து மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். அந்தப் பேச்சு அவள் காதில் விழ வேண்டியதில்லை.

அனுப்பிய பிறகு

நேரில் போய்க் கேட்டால் விண்ணப்பப் படிவத்தை அன்றைக்கே கொடுக்க வேண்டும், ஃபோனிலோ கடிதத்திலோ கேட்டால் 5 வேலை நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். நிரப்பிக் கொடுத்ததும் 20 நாட்களுக்குள் கேஸ் திறக்க வேண்டும். இவை மத்திய அரசு விதிகள், எல்லா மாநிலத்துக்கும் பொது. 20 நாள் தாண்டியும் கேஸ் எண் வரவில்லை என்றால் நீங்களே கூப்பிட்டுக் கேட்கலாம், அது தொந்தரவு கொடுப்பது ஆகாது.

பிறகு மற்றவரைத் தேடுவார்கள். கல்யாணம் ஆனவர்களின் பிள்ளைக்குக் கணவரே அப்பா என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகாதவர்களுக்கு, பிரசவ ஆஸ்பத்திரியிலேயே இருவரும் கையெழுத்திடும் ஒப்புதல் படிவம் இருக்கும், அது இல்லாவிட்டால் மரபணுச் சோதனை. அப்புறம் மற்றவருக்கு நோட்டீஸ் போகும். அவர் பதில் சொல்ல குறித்த நாட்கள் உண்டு. கலிஃபோர்னியாவில் 30 நாள். இருப்பிடம் தெரிந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் அலுவலகம் ஆர்டர் வாங்கியிருக்க வேண்டும், அல்லது நோட்டீஸையாவது சேர்த்திருக்க வேண்டும். நடைமுறையில் இழுத்துக்கொண்டு போகும் கேஸ்களும் இருக்கின்றன. முன்னால் சொன்ன பெண்ணுக்கு நாலு மாதத்துக்குமேல் ஆயிற்று. ஆனால் தொகை மனு பதிவான நாளிலிருந்தே கணக்கானதால், அந்தத் தாமதம் பையனிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. எந்த நாளிலிருந்து கணக்கு என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில மாநிலங்கள் இன்னும் பின்னால் போகவும் அனுமதிக்கின்றன. ஆனால் முன்பே கேட்டவருக்கு எங்கேயும் நஷ்டம் வந்ததில்லை.

நோட்டீஸ் கையில் கிடைத்தவருக்கும் ஒரு வார்த்தை. தயவுசெய்து அதை டிராயருக்குள் போட்டு மூடாதீர்கள். கோபத்தில் பதில் அனுப்பாமல் விட்டுவிட்டால், நீங்கள் இல்லாமலேயே தொகை தீர்மானமாகிவிடும். உண்மைச் சம்பளம் தெரியாதபோது உங்களுக்கு இவ்வளவு இருக்கலாம் என்று ஊகித்துப் போடவும் வாய்ப்பு உண்டு. பே ஸ்டப்போடு போய் நின்றவருக்குச் சரியான தொகை வரும்.

எவ்வளவு வரும்

நீதிபதி மனம்போனபடி ஒரு தொகை சொல்வார் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கணக்கு முறை உண்டு. பெரும்பாலான மாநிலங்கள் அம்மா, அப்பா இருவரின் வருமானத்தையும் சேர்த்துப் பார்க்கின்றன.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம், எண்கள் புரிவதற்காக மட்டும். அப்பாவுக்கு மாதம் 6,000 டாலர், அம்மாவுக்கு 4,000. சேர்த்தால் 10,000. அந்த வருமானமுள்ள குடும்பம் ஒரு பிள்ளைக்கு மாதம் 1,500 செலவழிக்கும் என்று மாநிலத்தின் அட்டவணை சொல்வதாக வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் அப்பாவின் பங்கு 60%, ஆக 900 டாலர் அவர் தர வேண்டும். மீதி 600-ஐ அம்மா ஏற்கெனவே வீட்டில் செலவழித்துக்கொண்டிருக்கிறார் என்று கணக்கு. டேகேர் மாதம் 1,000 ஆனால் அதிலும் அதே விகிதத்தில் 600 அவர் பங்காகச் சேரலாம். பிள்ளை அவரிடம் எத்தனை இரவு தங்குகிறது என்பதையும் பல மாநிலங்களில் பார்ப்பார்கள், அதற்கேற்பத் தொகை குறையும்.

டெக்சாஸ் வேறு வழி. அங்கே கட்டுகிறவரின் வருமானத்தை மட்டும் எடுத்து, சில கழிவுகளுக்குப் பிறகு ஒரு பிள்ளைக்கு 20%, இரண்டு பிள்ளைக்கு 25%, மூன்றுக்கு 30% என்று போடுகிறார்கள், ஒரு உச்ச வரம்புக்குள். நியூயார்க்கில் இருவரின் வருமானத்தையும் சேர்த்து, அதில் 17, 25, 29% என்று போடுகிறார்கள். பல மாநிலங்களின் அரசுத் தளத்திலேயே கணக்கிடும் கால்குலேட்டர் இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன்பே போட்டுப் பார்க்கலாம்.

ஐடி வேலையில் இருப்பவர்களின் பே ஸ்டப்பில் நிறையப் பேர் கவனிக்காமல் விடுவது ஒன்று இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் முதல் வரியில் இருக்கும். கீழே இறங்கினால் போனஸ், அதற்கும் கீழே ஆர்எஸ்யு என்று கம்பெனி கொடுக்கும் பங்குகள். சிலருக்கு வருடத்தில் அந்த ஒரு வரி அடிப்படைச் சம்பளத்தில் பாதியைத் தொடும். பொதுவாக அதுவும் வருமானம்தான். "என் சம்பளம் இவ்வளவுதான்" என்று ஒருவர் வாயால் சொல்லும் தொகைக்கும் கம்பெனி வருடந்தோறும் தரும் டபிள்யூ-2 சம்பளப் படிவத்தில் இருக்கும் தொகைக்கும் உள்ள தூரம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இருக்கும். ஊரில் பெற்றோருக்கு அனுப்பும் பணத்தை அவர்கள் பொதுவாகக் கழிப்பதில்லை என்பதையும் கட்டுகிறவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நம் வீடுகளில் அது எவ்வளவு பெரிய கடமை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் பிள்ளையின் பங்கு போன பிறகுதான் மற்றவை என்பதே அந்தக் கணக்கின் வரிசை.

பணம் எப்படி வந்து சேரும்

அவரிடம் போய்க் கேட்டு நிற்க வேண்டியதில்லை. கம்பெனிக்கே உத்தரவு போகும். சம்பளத்தில் பிடித்து 7 வேலை நாட்களுக்குள் கம்பெனி மாநிலத்தின் பட்டுவாடா மையத்துக்கு அனுப்பும். அங்கிருந்து 2 வேலை நாட்களில் உங்கள் வங்கிக் கணக்குக்கோ அவர்கள் தரும் கார்டுக்கோ வரும். உத்தரவு வந்தது என்பதற்காகக் கம்பெனி அவரை வேலையைவிட்டு எடுக்கக் கூடாது, சட்டம் அதைத் தடுத்திருக்கிறது. அவர் பிழைப்புக்கு மிஞ்சாமல் எல்லாவற்றையும் பிடித்துவிடவும் முடியாது. வரி போகக் கையில் வருவதில் 50 முதல் 65% வரைதான், அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறதா, பாக்கி எத்தனை வாரமாக நிற்கிறது என்பதைப் பொறுத்து.

அந்தப் பெண்ணின் கணவர் சில மாதம் கழித்து வேறு மாநிலத்தில் வேறு கம்பெனிக்கு மாறினார். பணம் நின்றது. அவள் மறுபடி பழையபடி ஆகிவிட்டதே என்று அழுதாள். யாருக்கும் ஃபோன் செய்யவில்லை, யாரையும் கெஞ்சவில்லை. ஐந்து வாரத்தில் புதிய கம்பெனியிலிருந்து பணம் வந்தது. அமெரிக்காவில் எந்தக் கம்பெனி புதிதாக ஆளெடுத்தாலும் 20 நாட்களுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 1997-லிருந்து அது நாடு முழுவதற்குமான ஒரு பதிவேட்டில் சேர்கிறது, சைல்டு சப்போர்ட் கேஸ்களோடு தானாகவே ஒப்பிடப்படுகிறது. மாநில எல்லை தாண்டினால் தப்பிவிடலாம் என்பது இதனால் நடப்பதில்லை. நீங்களும் வேறு மாநிலத்துக்கு ஓட வேண்டியதில்லை. உங்கள் ஊர் அலுவலகத்திலேயே விண்ணப்பித்தால், அவர்கள் அந்த மாநில அலுவலகத்தோடு பேசிக்கொள்வார்கள்.

அப்படியும் கட்டாதவருக்கு வருமான வரியில் திரும்பி வரும் பணம் பிடிக்கப்படும், ஓட்டுநர் உரிமமும் தொழில் உரிமமும் முடக்கப்படலாம். பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் அமெரிக்கப் பாஸ்போர்ட் மறுக்கப்படும். திவால் அறிவித்தாலும் இந்தக் கடன் அழியாது.

ஆர்டர் வந்த பிறகு இருவரும் கவனிக்க வேண்டியது, கையோடு கையாகப் பணம் கொடுத்து வாங்காதீர்கள். ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையில் அனுப்பியது, பிறந்தநாளுக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்தது எல்லாம் அலுவலகக் கணக்கில் ஏறாமல் போகலாம், அன்பளிப்பு என்று ஒதுக்கவும் கூடும். மையத்தின் வழியாகவே கட்டுங்கள்.

பணம் தரவில்லை என்பதற்காகப் பிள்ளையை அப்பாவிடம் காட்டாமல் வைக்காதீர்கள். பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்தாதீர்கள். சட்டம் இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது, பிள்ளைக்கு இரண்டுமே வேண்டும்.

வேலை போய்விட்டால்

இது கட்டுகிறவர்களுக்கு. லேஆஃப் காலத்தில் இதைத் தெரியாமல் சிக்கியவர்களைப் பார்த்து மனம் கனத்திருக்கிறது. வேலை போனதும் தொகை தானாகக் குறையாது. பழைய தொகை மாதாமாதம் ஏறிக்கொண்டே இருக்கும், சில மாநிலங்களில் வட்டியும் சேரும். 1986-இல் வந்த பிராட்லி திருத்தம் என்ற மத்தியச் சட்டப்படி, ஏறிவிட்ட பாக்கியை எந்த நீதிபதியும் பின்தேதியிட்டுக் குறைக்க முடியாது. நீங்கள் மாற்றம் கேட்டு மனு போட்டு, அது மற்றவருக்குத் தெரிவிக்கப்பட்ட நாளுக்குப் பிந்தையதைத்தான் குறைக்கலாம். "அடுத்த வேலை கிடைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று ஆறு மாதம் விட்டவருக்கு அந்த ஆறு மாதமும் பழைய சம்பளக் கணக்கிலேயே நிற்கும். வேலை போன கடிதம் கைக்கு வந்த வாரத்திலேயே அலுவலகத்துக்கு எழுதிவிடுங்கள். வாங்குகிறவரும் அப்படித்தான், கட்டுகிறவரின் வருமானம் கூடியது தெரிந்தால் மறு ஆய்வு கேட்கலாம். பெரிய மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கேட்கும் உரிமை இருவருக்கும் உண்டு.

எத்தனை வயதுவரை என்பதும் மாநிலத்தைப் பொறுத்தது. பெரும்பாலும் 18, கலிஃபோர்னியாவில் உயர்நிலைப் பள்ளி முடியவில்லை என்றால் 19வரை, நியூயார்க்கில் 21.

அவர் இந்தியாவுக்குப் போய்விட்டால்

இங்கேதான் வேகம் மிகவும் முக்கியம். பிள்ளைகளுக்கான பராமரிப்புத் தொகையை நாடுகளுக்கிடையே வசூலிக்க 2007-இல் ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தம் ஆனது. அமெரிக்காவில் அது 2017 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. இந்தியா அதில் சேரவில்லை. இந்திய சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவு சில நாடுகளின் தீர்ப்புகளை நேரடியாக நிறைவேற்ற இடம் தருகிறது, அந்தப் பட்டியலிலும் அமெரிக்கா இல்லை. சென்னை ஆபீசில் ரூபாயில் சம்பளம் வாங்கத் தொடங்கியவரின் சம்பளத்தில் கை வைக்க இங்குள்ள அலுவலகத்துக்கு வழியில்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரை அமெரிக்கப் பாஸ்போர்ட் தடையும் தொடாது.

அவர் இங்கே சம்பளப் பட்டியலில் இருக்கும்போதே ஆர்டர் வாங்கியிருந்தால் நிலைமை வேறு. இங்கே அவர் விட்டுச்செல்லும் வங்கிக் கணக்கும் ஓய்வூதியச் சேமிப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். திரும்பி வந்து வேலையில் சேர்ந்தால் பாக்கி முழுவதும் காத்திருக்கும். அவர் அங்கேயே நிலைத்துவிட்டால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில் இந்திய நீதிமன்றத்தில் பிள்ளைக்காக மனு போடலாம். பழைய 125-ஆம் பிரிவுதான் இப்படி எண் மாறியிருக்கிறது. ஆனால் அது வேறு நாட்டில், வேறு வக்கீலோடு, புதிதாகத் தொடங்கும் பயணம். பிராஜெக்ட் முடிகிறது, விசா தீர்கிறது என்ற பேச்சு காதில் விழுந்தால் அந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

அந்தச் சனிக்கிழமை அவளிடம் இதையெல்லாம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "அம்மா கேட்டா, பிள்ளைக்கு அவங்கப்பா பணம் அனுப்புறார்னு சொல்லும்மா, அதுல பொய் ஒண்ணும் இல்லையே" என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். விண்ணப்ப எண் வந்தது. எழுந்து போய், ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த மகனின் பள்ளிக் காலண்டரில் அன்றைய தேதிக் கட்டத்துக்குள் அந்த எண்ணைப் பேனாவால் எழுதிவைத்தாள்.